இருபத்தோரிலக்க எண் ஒன்றின் வரலாறு

சதுரங்கப் பலகையின் கதையை அறியாதார் நம்முள் அரியர். அறிஞன் ஒருவன் அரசனிடம் பரிசில் வேண்டுகின்றான். பலகையின் முதற் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே போய் 64 கட்டங்களையும் நிரப்பித் தருமாறு கேட்கின்றான். இவ்வளவுதானா என்று நகைத்த அரசன் ஈற்றில் தன் களஞ்சியம் முழுவதும் போதாதென்று கண்டு நாணுகின்றான். பாட்டிமார் கூறும் கதை அங்கே முடிந்துவிடும். கணிதம் பயில்வோனுக்கோ கதை அங்கேதான் தொடங்குகின்றது.

அந்நெல்மணிகளின் தொகை 2⁶⁴ − 1, அஃதாவது 18446744073709551615. இவ்வெண் எவ்வளவு பெரிதாயினும் அதன் உள்ளமைப்பிற் புதுமை இல்லை. ஐந்தில் முடிவதால் ஐந்தால் வகுபடும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் கூறுவான். மூன்றாலும் வகுபடும்; பதினேழாலும் வகுபடும். ஆனால் அப்பலகைக்கு மேலும் மூன்று கட்டங்கள் இருந்தனவென்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது தொகை 2⁶⁷ − 1 ஆகும். எழுதிக் காட்டின்,

147573952589676412927.

இருபத்தோர் இலக்கங்கள். நம் முறைப்படி வாசித்தால் 14 இலட்சத்து 75 ஆயிரத்து 739 கோடி கோடியும், 52 இலட்சத்து 58 ஆயிரத்து 967 கோடியும், 64 இலட்சத்து 12 ஆயிரத்து 927உம் ஆகும். இவ்வெண் எதனால் வகுபடும்? மூன்றால் வகுபடாது. ஐந்தால் வகுபடாது. ஏழு, பதினொன்று, பதின்மூன்று எனப் பல்லாயிரம் எண்களைக் கொண்டு முயன்றாலும் வகுபடாது. இதனை எவ்வெண்ணாலும் வகுக்கவியலாது என்று ஒரு பேரறிஞர் 1644இல் எழுதிவைத்தார். அவர் கூற்று 232 ஆண்டுகள் நின்றது. பின்னர் அது தவறென நிறுவப்பட்டது. நிறுவப்பட்ட பின்னரும் 27 ஆண்டுகள் வரை அதன் காரணிகளை ஒருவராலும் காண இயலவில்லை. இவ்வரலாற்றையே இம்மலரின் வாசகர்களுக்குக் கூற விழைகின்றேன்.

நான் இதனை முதன்முதற் கேட்டது பாடசாலையில். நான் பயின்ற மிசன் பாடசாலையிற் கணிதம் கற்பித்த பாதிரியார், வெள்ளிக்கிழமைகளிற் கடைசிப் பாடவேளையிற் பாடநூலை மூடிவைத்துவிட்டு ஏதாவது கதை கூறுவார். ஒருநாள் அவர் கூறிய கதை இது. 1903ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 31ஆந் திகதி, நியூயோர்க் நகரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. பிராங்க் நெல்சன் கோல் என்னும் பேராசிரியரின் முறை வந்தது. அவர் எழுந்து கரும்பலகைக்குச் சென்று, ஒன்றும் பேசாமல், 2ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்து விடையை எழுதினார். பின் பலகையின் வெறுமையான பக்கத்துக்கு நகர்ந்து 193707721 என்பதையும் 761838257287 என்பதையும் எழுதி, சிறுவர் பெருக்குவது போல் வரிவரியாகப் பெருக்கிக் கூட்டினார். இரு விடைகளும் ஒன்றாயின. கோல் தம் இருக்கைக்குத் திரும்பினார். அவையினர் கரகோசம் எழுப்பினர். ஒருவரும் ஒரு வினாவும் கேட்கவில்லையாம். இதனைக் காண எத்துணைக் காலம் சென்றது எனப் பின்னொருநாள் வினாவியபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

வகுப்பு முழுவதும் வியந்திருக்க, நான் ஒரு வினாவைக் கேட்டேன். அவ்வெண்ணுக்குக் காரணிகள் உண்டென்பதை அவர் எப்படி அறிந்தார்? இல்லாத ஒன்றைத் தேடி மூன்றாண்டு வீணாகியிருந்தால்? பாதிரியார் சிறிது நேரம் என்னையே பார்த்தார். "அதை நீயே தேடிப் பார்" என்று கூறிச் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பல்கலைக்கழகம் புகுந்து நூல்களைப் புரட்டிய பின்னரே அவ்வினாவுக்கு விடை கண்டேன். அவர் கூறாது விட்ட பகுதி, கூறிய பகுதியினும் பெரிது.

மேலே குறித்த பேரறிஞர் மரின் மெர்சென் என்பவர். 1588இற் பிறந்து 1648இல் மறைந்த பிரெஞ்சுத் துறவி. மினிம் சபையைச் சார்ந்தவர். அறிவியற் சஞ்சிகைகள் தோன்றாத காலம் அது. பெர்மா, தேக்கார்ட்டு, தொரிசெல்லி முதலியோரின் கண்டுபிடிப்புகள் பாரிசு நகரில் இருந்த அவரது மடத்து அறை வழியாகவே ஊருக்கு ஊர் பரவின எனலாம். ஒருவர் கடிதத்தை மற்றொருவருக்குப் படியெடுத்து அனுப்புவதும், ஒருவர் வினாவை மற்றொருவரிடம் தூண்டிவிடுவதும் அவருக்குத் தொழில்.

இவர்களை இவ்வகை எண்களின்பால் ஈர்த்தது கிரேக்கர் விட்டுச்சென்ற ஒரு புதிர். ஓர் எண்ணின், அவ்வெண் ஒழிந்த ஏனைய காரணிகளையெல்லாம் கூட்டினால் அவ்வெண்ணே வருமாயின் அதனைப் பூரண எண் என்பர். 6 இன் காரணிகள் 1, 2, 3, கூட்ட 6. 28 இன் காரணிகள் 1, 2, 4, 7, 14; கூட்ட 28. அடுத்தவை 496, 8128. கிறித்தவ ஞானியர் ஆறு நாட் படைப்பையும் இதனோடு இயைத்துப் பேசினர். மிசன் பாடசாலையிற் படித்த எனக்கு அதுவே முதலில் நினைவுக்கு வருகின்றது. யூக்கிளிட்டு தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் ஓர் அரிய விதியை நிறுவியுள்ளார். 2 இன் வலுவொன்றிலிருந்து ஒன்றைக் கழித்தபோது முதன்மை எண் கிடைக்குமாயின், அதனை அவ்வலுவின் பாதியாற் பெருக்கக் கிடைப்பது பூரண எண்ணாகும். 8 − 1 = 7; அது முதன்மை எண்; 8 இன் பாதி 4; 4 × 7 = 28. ஆகவே பூரண எண்களைத் தேடுவோர், 2 இன் எந்த வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் முதன்மை எண் வரும் என்று தேடவேண்டியதாயிற்று.

சுட்டி முதன்மை எண்ணாக இருத்தல் வேண்டும் என்பது எளிதிற் புலப்படும். ஆனால் அது மட்டும் போதாது. 2¹¹ − 1 = 2047; இது 23 × 89. இந்த 2047ஐ வாசகர் நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் உதவும்.

1644இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் மெர்சென் ஒரு பட்டியலைத் தந்தார். 257 வரையுள்ள சுட்டிகளுள் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே முதன்மை எண்களைத் தரும் என்பது அவர் கூற்று. நிறுவல் ஒன்றும் தரவில்லை. 257 என்னும் சுட்டி தரும் எண்ணுக்கு 78 இலக்கங்கள்! பதினைந்து இருபது இலக்கங்கொண்ட எண் முதன்மை எண்ணா அன்றா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என அவரே வேறொரிடத்திற் கூறியுமுள்ளார். அங்ஙனமாயின் அவருக்கு இது எப்படித் தெரிந்தது? பெயர்பெற்ற ஒருவர் கூறின் ஏனையோர் வினவாதிருத்தல் உலகெங்கும் உள்ள வழக்கம்போலும். பட்டியல் நூலுக்கு நூல் படியெடுக்கப்பட்டது. இன்றளவும் இவ்வகை எண்கள் மெர்சென் எண்கள் என்றே வழங்குகின்றன.

நிற்க. அறிஞர்கள் முற்றாகச் சும்மா இருந்துவிடவுமில்லை. 1640இலேயே பெர்மா மெர்சென்னுக்கு ஓர் உதவி செய்திருந்தார். சுட்டி p என்னும் முதன்மை எண்ணாயின், 2 இன் p ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண்ணுக்குக் காரணியாக வரக்கூடியது 2p இன் மடங்கில் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்பது அவர் கண்ட விதி. 2047க்கு p = 11; 2p = 22. காரணிகள் 23, 89. முன்னது 22 உடன் ஒன்று. பின்னது 88 உடன் ஒன்று. இவ்விதியைக் கொண்டு 2³⁷ − 1 என்பது 223ஆல் வகுபடும் எனப் பெர்மா காட்டினார். ஒயிலர் 1772இல் 2³¹ − 1, அஃதாவது 2147483647, முதன்மை எண்ணே என நிறுவினார்.

அத்துடன் எல்லை வந்துவிட்டது என்று பலர் கருதினர். 1811இல் ஆங்கிலேயரான பீற்றர் பாலோ, ஒயிலரின் அவ்வெண்ணால் வரும் பூரண எண்ணே என்றென்றைக்கும் மிகப் பெரியதாக இருக்கும் என எழுதினார். இவை விநோதத்துக்குரியனவே ஒழியப் பயனுடையன அல்ல. ஆகவே அதற்கப்பால் ஒருவரும் முயலார் என்பது அவர் கருத்து.

அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் ஒருவர் முயன்றார். எதுவார் லூக்கா, 1842இற் பிறந்தவர். பாரிசு வானோக்ககத்திற் பணியாற்றி, பிரான்சு–பிரசியப் போரிலே பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்து, பின்னர் உயர்தரப் பாடசாலை ஆசிரியராக வாழ்ந்தவர். ஒரு கம்பத்திலுள்ள வட்டுகளை ஒவ்வொன்றாக மற்றொரு கம்பத்துக்கு மாற்றும் 'கானோய்க் கோபுரம்' என்னும் விளையாட்டைப் படைத்தவரும் இவரே. 1876இல் லூக்கா இரண்டு முடிபுகளை வெளியிட்டார். 2¹²⁷ − 1 முதன்மை எண். 2⁶⁷ − 1 முதன்மை எண் அன்று. முன்னதற்கு 39 இலக்கங்கள். அதனிற் பெரிய முதன்மை எண் எதனையும் அடுத்த 75 ஆண்டுகள் எவரும் காணவில்லை. ஆனால் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது பின்னதே. 2⁶⁷ − 1 சேர்த்தி எண் எனக் கூறிய லூக்கா அதன் காரணி ஒன்றைத்தானும் கூறவில்லை. அவருக்கும் தெரியாது!

காரணியைக் காணாமலே காரணி உண்டென்று எப்படிக் கூறலாம்? இதனைச் செய்து பார்த்தாலன்றி நம்ப இயலாது. ஆதலின் லூக்காவின் வழியை, 1930இல் அமெரிக்க அறிஞர் லேமர் செப்பமிட்ட உருவில், ஈண்டுக் காட்டுகின்றேன். 4 என்னும் எண்ணிலே தொடங்குக. அதனை வர்க்கித்து 2ஐக் கழிக்க, 14. மீண்டும் வர்க்கித்து 2ஐக் கழிக்க, 194. இவ்வாறே செல்க. ஆயின் ஒவ்வொரு படியிலும், சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்க. சுட்டியில் ஒன்று குறைந்த இடத்து வரும் மீதி பூச்சியமாயின் அவ்வெண் முதன்மை எண். பூச்சியமன்றாயின் சேர்த்தி எண். இவ்வளவே விதி.

சுட்டி 5 ஆக, 31ஐச் சோதிப்போம். 4, 14, பின் 194ஐ 31ஆல் வகுக்க மீதி 8, பின் 64 இல் 2 குறைய 62. நான்காம் இடத்தில் வந்த 62, 31ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே 31 முதன்மை எண். இனி 2047க்கு வருவோம். சுட்டி 11, பத்தாம் இடம் வரை செல்லவேண்டும். 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பத்தாம் இடத்தில் நிற்பது 1736, பூச்சியம் அன்று. எனவே 2047 சேர்த்தி எண். இந்தப் பத்து எண்களுள் எங்கேனும் 23 உண்டா? 89 உண்டா? இல்லை. வீட்டினுள் ஆள் இருக்கின்றார் என்பதைப் பூட்டப்பட்ட கதவு அறிவிக்கின்றது. அவர் முகத்தை அது காட்டுவதில்லை.

இவ்விடத்து நம் முன்னோருட் சிறந்த ஒருவரைக் குறிப்பிடாதிருக்க மனம் ஒவ்வவில்லை. 4, 14, 194 என்பவற்றைப் பாதியாக்கினால் 2, 7, 97. இவை தற்செயலாக வந்தவை அல்ல. 2 இன் வர்க்கம் 4. அதில் 1 இன் வர்க்கத்தின் மும்மடங்கைக் கழிக்க 1 வரும். 7 இன் வர்க்கம் 49; 4 இன் வர்க்கத்தின் மும்மடங்கு 48; வித்தியாசம் 1. 97 இன் வர்க்கம் 9409. 56 இன் வர்க்கத்தின் மும்மடங்கு 9408. வித்தியாசம் மீண்டும் 1. இவ்வகைச் சமன்பாட்டுக்கு ஒரு விடை தெரிந்தால், அதனை அதனோடேயே சேர்த்து மற்றொரு விடையை ஆக்கும் முறையைப் பிரமகுப்தர் 628இல் இயற்றிய 'பிராம்ம ஸ்புட சித்தாந்தம்' கற்பிக்கின்றது. பாவனை என்பது அதன் பெயர். 2இலிருந்து 7ஐயும் 7இலிருந்து 97ஐயும் பெறுவது அதே பாவனையாகும். கோல்புறூக் அந்நூலின் கணிதப் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1817இல் வெளியிட்டார். லூக்கா அதனைப் பார்த்தே தம் வழியை வகுத்தார் என்று நான் கூற வரவில்லை. இன்றைய அறிவு முழுவதும் நம் ஏடுகளில் உண்டென்று மேடைகளில் முழங்குவோர் சிலர் நம்மிடையே உளர். பெரியோர் மன்னிப்பார்களாக, பிரமகுப்தருக்கு அம்முழக்கம் வேண்டியதில்லை. அவர் செய்தது எதுவோ அதுவே அவர் புகழுக்குப் போதும்.

இனிக் கோலிடம் வருவோம். அவர் தேடத் தொடங்கியபோது காரணிகள் உண்டென்பது ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்தது. என் பாடசாலை வினாவுக்கு விடை இதுவே. லூக்கா கதவைத் தட்டி ஆள் உண்டென்று சொல்லிப் போனார். கோல் கதவைத் திறந்தார்.

திறப்பது எத்துணை அரிது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்த்தேன். பெர்மாவின் விதிப்படி 2⁶⁷ − 1 இன் காரணி எதுவும் 134 இன் மடங்கில் ஒன்று கூடியதாதல் வேண்டும். கோல் கண்ட சிறிய காரணி 193707721. அது 134 இன் 1445580ஆம் மடங்கில் ஒன்று கூடியது. அஃதாவது 135, 269, 403 என ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு சென்றால் 14 இலட்சத்துக்கு மேற்பட்ட வகுத்தல்களின் பின்னரே அதனைச் சந்திப்போம். காரணியை 8ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதியாதல் வேண்டும் என மற்றொரு விதியுமுண்டு. அதனாற் பாதி ஒழியும். 3, 5, 7 என்பவற்றால் வகுபடுவனவற்றையும் நீக்கினால் ஏறக்குறைய 3 இலட்சத்து 30 ஆயிரம் எஞ்சும். மூன்றாண்டிலுள்ள ஞாயிற்றுக்கிழமைகளோ 156. ஒரு ஞாயிறுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நெடுவகுத்தல்! தேவாலயம், உணவு, உறக்கம் எல்லாவற்றையும் துறந்தாலும் மானிடராற் செய்யத்தக்கதன்று. ஆகவே கோல் வெறும் பொறுமையினால் வென்றார் என்பது பொருந்தாது. அவர் வர்க்க மீதிகள் பற்றிய கொள்கையைப் பயன்படுத்தி, காரணிகள் இன்னின்ன உருவத்தில் மட்டுமே வரக்கூடும் என வலையை ஒடுக்கிக்கொண்டே வந்தார். அம்முறையை விளக்கும் அவரது கட்டுரை சங்கத்தின் சஞ்சிகையில் அச்சாகியுமுள்ளது. கரும்பலகையில் அவர் ஊமையாக நின்றிருக்கலாம். அச்சில் நன்றாகவே பேசியிருக்கின்றார்.

'நின்றிருக்கலாம்' என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. பேசாத சொற்பொழிவின் கதை நமக்குக் கிடைப்பது எரிக் தெம்பிள் பெல் என்பவர் 1951இல் வெளியிட்ட நூலிலிருந்து. பெல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றவர், கோலையும் அறிந்தவர், ஞாயிற்றுக்கிழமை பற்றிய விடையைக் கோலிடமிருந்து 1911இல் தாமே கேட்டதாகக் கூறுகின்றார். ஆயின் கதையை அழகுபடுத்துவதில் அவருக்கு விருப்பம் அதிகம் என்பதை அவர் நூல்களைப் படித்தோர் அறிவர். அச்சொற்பொழிவு நிகழ்ந்து நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின் எழுதப்பட்டது அக்கதை. கதை சிறிது கூடியோ குறைந்தோ இருக்கலாம். பெருக்கலோ கூடாது, குறையாது. அதனைச் சோதிக்க நமக்குப் பெல்லும் வேண்டியதில்லை, கோலும் வேண்டியதில்லை.

சென்ற விடுமுறையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அப்பெருக்கலை நானே செய்து பார்த்தேன். 761838257287ஐ மேலே எழுதி 193707721ஆற் பெருக்கினேன். ஒரு பூச்சியம் இருப்பதால் எட்டு வரிகள். முதல்முறை கூட்டிவந்த விடையில் ஓரிலக்கம் பிழைத்தது. பிழை உண்டென்பதை ஒன்பது நீக்கும் முறை உடனே காட்டிவிட்டது. முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்ட 64, பின் 10, பின் 1. இரண்டாவதைக் கூட்ட 37, பின் 10, பின் 1. ஆகவே பெருக்கத்தின் இலக்கங்களைக் கூட்டினாலும் ஈற்றில் 1 வரவேண்டும். எனக்கு 9 வந்தது. எவ்விடத்துப் பிழைத்தேன் என்பதை அம்முறை காட்டவில்லை. பிழை உண்டு, இடம் தெரியாது. லூக்காவின் நிலைமை எனக்குத் திண்ணையிலேயே விளங்கிற்று. வரிவரியாகத் திரும்பிப் பார்த்து, ஐந்தாம் வரியில் மறந்துவிட்ட ஒரு கொண்டுபோதலைக் கண்டு திருத்தியபோது 147573952589676412927 வந்து நின்றது. அருகிலிருந்த என் தந்தையார், "இதனால் என்ன பயன்?" என்று கேட்டார். பாலோவின் வினா!

அன்று விடை கூறத் தெரியாது விழித்தேன். இன்று கூறுவேன். 1977இல் இறிவெசுற்று, சமீர், ஏடில்மன் என்னும் மூவர், இரு பெரிய முதன்மை எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கத்தைப் பிரிப்பது அரிது என்னும் உண்மையையே பூட்டாகக் கொண்டு இரகசிய எழுத்து முறையொன்றை அமைத்தனர். வங்கிக் கணக்குகளையும் கடிதங்களையும் கணினிகளின் வழியே காப்பதற்கு அம்முறை வந்து பயன்பட்டது. ஓரெண் சேர்த்தி எண் என அறிவதற்கும் அதன் காரணிகளைக் காண்பதற்கும் இடையே லூக்காவும் கோலும் கண்ட இருபத்தேழாண்டு இடைவெளி இருக்கின்றதே, அதுவே பூட்டு.

மெர்சென்னின் பட்டியல் என்னாயிற்று என்று வினவலாம். 67 மட்டும் தவறன்று. ஊரல் மலைப் பகுதியில் கிராமக் குருவாயிருந்த உருசியர் பெர்வூசின் 1883இல் 2⁶¹ − 1 முதன்மை எண் என நிறுவினார். மெர்சென் அதனை விட்டுவிட்டார். அச்சுக்கோத்தவர் 61ஐ 67 எனப் பிழைபடக் கோத்திருக்கலாம் என்று மெர்சென்னுக்காக வாதாடுவோரும் உளர். ஆனால் பவர்சு என்னும் அமெரிக்கர் 1911இல் 89ஐயும் 1914இல் 107ஐயும் சேர்த்தார். அவர் தொழில்முறைக் கணிதப் பேராசிரியர் அல்லர். 1920களில் 257உம் வீழ்ந்தது. ஐந்து பிழைகள், அனைத்தையும் அச்சுக்கோத்தவரின் தலையில் ஏற்றல் தகாது. பட்டியல் முழுவதும் சோதித்துத் தீர 1947 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், சென்றது. கோல் 1920இல் சங்கச் செயலாளர் பதவியினின்றும் நீங்கியபோது அன்பர்கள் திரட்டிக் கொடுத்த பணத்தைச் சங்கத்துக்கே அளித்தார். அதனால் நிறுவப்பட்ட பரிசு 1928 முதல் அவர் பெயரால் வழங்கப்பட்டு வருகின்றது.

அவரது மூன்றாண்டு வேலையை இன்று கையடக்கத் தொலைபேசி ஒன்று கண்ணிமைக்கும் நேரத்திற் செய்யும். 1996இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சியில் உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் தம் கணினிகளின் ஓய்வு நேரத்தை இவ்வெண்களுக்கு ஈந்து வருகின்றனர். 2024 ஒக்டோபரில் அவர்கள் அறிவித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்னும் முதன்மை எண்ணுக்கு 4 கோடியே 10 இலட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். அதனை ஈற்றில் உறுதிசெய்ததும் 4, 14, 194 என்று தொடங்கும் அதே வழியே.

ஆயினும் மெர்சென் எண்கள் யாவும் திறக்கப்பட்டுவிடவில்லை. 2¹²⁷⁷ − 1 என்று ஓர் எண் உண்டு, 385 இலக்கங்கள். அது சேர்த்தி எண் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். பெருங்கணினிகள் பல முயன்றும், 2024 வரை, அதன் காரணி ஒன்றையேனும் கண்டவர் இலர். கணிதம் பயிலும் தம்பியர் எவருக்கேனும் ஞாயிற்றுக்கிழமைகள் ஓய்வாக இருப்பின், சிறிய காரணி 2554 இன் மடங்கில் ஒன்று கூடியதாக இருக்கும் என்பதை மட்டும் இங்கே கூறிவைக்கின்றேன்.